உள்ளிருந்து பூட்டும் அறை

கொழும்பில் மேற்படிப்புக்கு அனுமதி கிடைத்தபோது நான் பசறையில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள் நான். அங்கிருந்தே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்து ஆசிரியை ஆனேன். அம்மா கொழுந்து பறிப்பவள். அப்பா இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்பதை ஆராய வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அதற்குத்தான் இடம் கேட்டிருந்தேன். கிடைத்தது. படிப்பு விடுமுறையும் கிடைத்தது. தங்குவதற்கு மட்டும் எங்கும் இடம் கிடைக்கவில்லை.

பல்கலைக்கழக விடுதியில் கேட்டேன். அது முதற்பட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தானாம். "நீங்க டீச்சர்தானே, வெளியில பாத்துக்கலாமே" என்றார் தொலைபேசியை எடுத்தவர். டீச்சருக்கு ஒரு சம்பளம் வருகிறது, அந்தச் சம்பளத்தில் கொழும்பில் ஒரு குளியலறையைக்கூட வாடகைக்கு எடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாமலிருக்காது.

போனில் விளம்பரங்களைத் தேடி ஒவ்வொன்றாக அழைக்கத் தொடங்கினேன். முதலில் எல்லாம் நன்றாகவே போகும். தனியாளா, ஆமாம். பெண்பிள்ளையா, ஆமாம். சமைப்பீர்களா, இல்லை, சாப்பாடு வெளியில். பிறகு அந்தக் கேள்வி வரும்.

"எந்த ஊர்?"

"பதுளைங்க."

"பதுளை டவுனா?"

"இல்லைங்க, மடுல்சீமை."

"தோட்டமா?"

"ஆமாங்க."

அதற்குப் பிறகு சிலர் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்வார்கள். சிலருக்கு அந்த நிமிடமே அறை வேறொருவருக்குப் போய்விட்டது நினைவுக்கு வரும்.

என்னோடு படிப்பித்த ஒருத்தியின் குடும்பம் பதுளைக் கடைவீதியில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கிறது. நல்ல மனசுக்காரி. ஆசிரியர் அறையில் நான் போன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், "ஏன் வீணா மாரடிக்கிற? பதுளை டவுன்னு சொல்லிடு. எங்க வீட்டு அட்ரஸையே குடு. யார் வந்து பாக்கப் போறா?" என்றாள்.

அவள் அதை அன்போடுதான் சொன்னாள். ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நான் எங்க பொறந்தேன்னு மறைச்சு ஒரு ரூம்ல இருந்தா, அந்த ரூம்ல நான் எப்படித் தூங்குவேன்?" என்றேன்.

"அப்போ தூங்காம படி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த அழைப்பிலிருந்து நானாகவே முதலில் சொல்லத் தொடங்கினேன். வணக்கம், நான் மடுல்சீமையில் ஒரு தோட்டத்துப் பெண், டீச்சர், படிக்க வருகிறேன், அறை இருக்கிறதா? என் நேரமும் மிச்சம், அவர்களின் நேரமும் மிச்சம்.

போனில் ஒன்றும் சரிவராததால் நேரில் போய்த் தேடுவதென்று முடிவெடுத்தேன். அம்மா தானும் வருவதாகச் சொன்னாள். "பேர் விழாதேம்மா" என்றேன். வேலைக்குப் போய்ப் பேர் பதியாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. "விழாட்டிப் போகுது. நீ எங்க படுக்கப் போறேன்னு நான் பாக்கணும்" என்றாள். தன் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். பதுளையில் ரயிலேறி, ஒரு காலை கோட்டை நிலையத்தில் இறங்கினோம். அம்மா கொழும்புக்கு வருவது அதுதான் முதல் தடவை என்று நான் நினைத்திருந்தேன்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் தெருவொன்றில் ஒரு வீடு. வடக்குத் தமிழ் பேசும் ஒரு அம்மா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் செருப்பைப் பார்த்தார்.

"ஏஜென்சிக்காரன் நாளைக்கெண்டெல்லோ சொன்னவன். சரி, பரவாயில்லை. பின்பக்கத்தாலை வாங்கோ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் படியைவிட்டு அசையவில்லை.

"நாங்க வேலைக்கு வரலைங்க. எம் பொண்ணு டீச்சரு. மேல படிக்க வந்திருக்கா. ரூம் இருக்குன்னு போர்டு பாத்து வந்தோம்."

அந்த அம்மா கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "அப்பிடியோ, உள்ளுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். தேநீர்கூடத் தந்தார். மேல்மாடி அறை ஒரு வங்கி உத்தியோகத்தருக்குப் பேசியாகிவிட்டது என்றார். குசினிக்குப் பின்னால், அடுப்படியை ஒட்டி, ஒரு சின்ன அறை இருக்கிறதாம். எனக்கு விருப்பமென்றால் தரலாமாம். வாடகை பாதி.

"விடிய எழும்பி எனக்குக் கொஞ்சம் சமையலுக்கு ஒத்தாசை செய்தால் காணும். பின்னேரம் வீடு கூட்டவேணும். மற்ற நேரம் படிக்கலாம்தானே. உங்கட ஆக்கள் நல்ல சுறுசுறுப்பு."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். தேநீர்க் கோப்பையை அப்படியே மேசையில் வைத்தாள்.

"ஒத்தாசைக்கு எம் மகளைத் தர முடியாதுங்க. வாடகைதான் தர முடியும். நாங்க போறோம்."

தெருவுக்கு வந்ததும் நான் கோபத்தில் என்னென்னவோ பேசினேன். அம்மா கடல் பக்கமாகவே நடந்துகொண்டிருந்தாள். ரயில் பாதையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அப்போதுதான் சொன்னாள்.

"நான் இதே கொழும்புல, இந்த மாதிரி ஒரு வீட்ல வேலைக்கு இருந்திருக்கேன். பெரிய மனுஷி ஆகுறதுக்கு முன்ன. எங்கப்பா கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. குசினிக்குப் பின்னாலதான் எனக்கும் படுக்கை."

எனக்கு அதுவரை தெரியாது. லயத்தில் யாரும் சொன்னதில்லை.

"அந்த ரூமுக்குக் கதவு இருந்துச்சு. தாப்பாள்தான் வெளிப்பக்கம் இருந்துச்சு. நான் ஓடிருவேன்னு பயம் அவங்களுக்கு. யாரு எப்ப வேணுன்னாலும் தொறப்பாங்க."

ஒரு ரயில் எங்களைக் கடந்து போனது. அம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "நல்ல ரூமு, கெட்ட ரூமு எனக்குத் தெரியாது. உள்ளுக்குள்ள இருந்து நீ பூட்டணும். அதப் பாரு" என்றாள்.

அன்றும் மறுநாளும் நடந்தோம். உள்ளிருந்து பூட்டக்கூடிய அறையெல்லாம் எங்கள் கைக்கு எட்டாத வாடகையில் இருந்தது. இரவில் தூரத்து உறவினர் ஒருவரின் வீட்டில் சுருண்டு படுத்தோம். கடைசியில் தெகிவளைப் பக்கம் பெண்கள் வாடகைக்குத் தங்கும் ஒரு போடிங் கிடைத்தது. பலகை அடித்துத் தடுத்த அறைகள். என் அறையில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். பிபிலையைச் சேர்ந்த சிங்களப் பெண், விஞ்ஞானம் படிக்கிறவள். கதவுக்கு வெளியே பூட்டு இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அம்மா கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டுக்காரர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். "உள்ள தாழ்ப்பாள் போட்டுத் தாறன் அம்மா, இந்த வாரமே" என்றார். அம்மா தோட்டத்துக் காலைப் பெரட்டில் பேர் கொடுக்கத் திரும்ப வேண்டியிருந்தது. அரை மனதோடு போனாள்.

அந்த வாரமும் போனது, அடுத்த வாரங்களும் போயின. தாழ்ப்பாள் வரவில்லை. ஒவ்வொரு முறை நான் கேட்கும்போதும் தச்சனுக்குக் காய்ச்சல்.

ஒருநாள் விரிவுரை நடக்காததால் மத்தியானமே திரும்பி வந்தேன். எங்கள் அறைக்கதவு திறந்திருந்தது. வீட்டுக்காரர் என் அறைத் தோழியின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கொடியில் காய்ந்த எங்கள் துணிகள் அவர் மடியில் இருந்தன. என்னைக் கண்டதும் அவசரமில்லாமல் எழுந்தார். "ஃபேன் சத்தம் போடுதெண்டு சொன்னாங்க. பார்க்க வந்தன்" என்றார். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

மறைக்க விரும்பவில்லை, எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

தோழி வந்ததும் சொன்னேன். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அவர் அப்படித்தானாம். எல்லா அறைக்கும் அவரிடம் சாவி இருக்கிறதாம். எனக்கு முன்னால் இருந்தவள் அதனால்தான் போனாளாம்.

"ஏன் எனக்குச் சொல்லல?" என்று என் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன்.

"சொன்னா நீயும் போயிடுவ. அப்புறம் நான் இங்க தனியா கிடக்கணும்" என்றாள்.

அவள் மேல் கோபப்பட முடியவில்லை. வீட்டுக்குச் சொன்னால் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயந்திருந்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லா வீடும் அப்படித்தான், எந்த மொழி பேசினாலும்.

நான் தெருமுனை ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். இருப்பதிலேயே தடித்த தாழ்ப்பாள் ஒன்றும் ஸ்குரூ ஆணிகளும் திருப்புளியும் வாங்கினேன். லயத்தில் கதவு உடைந்தால் யாரும் வந்து திருத்தித் தரமாட்டார்கள். ஆணி அடிக்கத் தெரியாமல் அங்கே யாரும் வளர்வதில்லை. தோழி பலகையைப் பிடித்துக்கொண்டாள், நான் முறுக்கினேன். சத்தம் கேட்டு மற்ற அறைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள், "மிச்ச ஆணி இருக்கா?"

அவர்களும் கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் வாங்கி வந்தார்கள். அன்று மாலைக்குள் அந்த மாடித் தட்டில் எல்லாக் கதவுக்கும் உள்ளே தாழ்ப்பாள் இருந்தது.

மறுநாள் காலை வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவர் தட்டியதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"என்ட வீட்டுக் கதவுல ஓட்டை போட ஆரு சொன்னது?"

"நான்தான் போட்டேன்."

"கழட்டு. இல்லாட்டி வெளியால போ."

"கழட்ட மாட்டேன். வாடகை குடுக்கிற மட்டும் இது எங்க ரூமு. வரணும்னா தட்டிட்டு வாங்க. நாங்க தொறந்தா வாங்க."

அவர் மரியாதையெல்லாம் கழன்றது. தோட்டத்தில் ஒரே அறையில் பத்துப் பேர் படுத்துக் கிடந்ததுகளுக்கு இங்கே வந்து தாழ்ப்பாள் கேட்கிறதாம் என்றார்.

"ஆமா, கேக்குது" என்றேன். "படுத்துக் கிடந்ததுனாலதான் கேக்குது."

பொலிஸுக்குப் போவேன் என்றேன். போ, உன் பேச்சை எவன் கேட்பான் என்றார். போனோம். தோழியும் வந்தாள். மற்ற அறைகளிலிருந்து இரண்டு பெண்களும் வந்தார்கள். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிவிட்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாத ஒன்றில் கையெழுத்துப் போடமாட்டேன், தமிழில் எழுதுங்கள் என்றேன். தமிழ் தெரிந்தவர் இல்லை என்றார்கள். வரும்வரை இருக்கிறேன் என்று அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். "நீ போ, உனக்கு வகுப்பிருக்கு" என்று தோழியிடம் சொன்னேன். அவள் என் பக்கத்தில் வந்து நெருக்கி உட்கார்ந்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு தமிழ் தெரிந்த ஒரு பெண் பொலிஸ் வந்தார். நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார்.

அதனால் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார்கள். அவ்வளவுதான். மாத முடிவில் எங்களை வெளியேறச் சொன்னார். தோற்றுவிட்டோம் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. ஆனால் எனக்கு முன்னால் இருந்தவள் போலத் தனியாக, சத்தமில்லாமல் நாங்கள் போகவில்லை. எங்கள் தட்டிலிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நாளில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஏன் போகிறோம் என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் போனோம்.

சேர்ந்து தேடியதில் ஒரு நன்மை இருந்தது. தனித்தனியாக ஓர் அறைக்கு வழியில்லாத எங்களால் ஒன்றாக ஒரு மேல்மாடியையே எடுக்க முடிந்தது. கீழே தையல் கடை வைத்திருந்த ஒரு பெண்மணியின் வீடு அது. வழக்கம்போல நானே முந்திக்கொண்டேன். "நான் மடுல்சீமை. தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறாங்க."

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "காலையில மட்டும்தான் தண்ணி வரும். பிடிச்சு வைக்கணும். சமாளிப்பீங்களா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பீலிக்கரையில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவளிடம் இந்தக் கேள்வி! தண்ணீர்ப் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். சாவி முழுவதையும் அவர் எங்கள் கையில் கொடுத்துவிட்டார். "எனக்கெதுக்கு? ஏதாவதுன்னா கூப்பிட்டா நீங்க தொறப்பீங்கதானே."

அந்த மாடியில் இருந்துதான் நான் படிப்பை முடித்தேன். அம்மா இரண்டு தடவை வந்து தங்கினாள். என் ஆய்வை ஒருநாள் வாசித்துக் காட்டினேன். "இதெல்லாம் ஏற்கெனவே நமக்குத் தெரியுமே" என்றாள். "தெரியும்மா, அவங்களுக்குத்தான் தெரியாது" என்றேன். பட்டம் வாங்கிய பிறகு பதுளைக்குத் திரும்பிவிட்டேன். தோழி கொழும்பிலேயே வேலை பார்க்கிறாள். மாடியில் இப்போது வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹல்துமுல்லையிலிருந்து ஒருத்தி, பிபிலையிலிருந்து இருவர்.

அந்தத் தெகிவளைக்காரர் இன்னமும் போடிங் நடத்துகிறார். "பெண்களுக்குப் பாதுகாப்பான, அமைதியான இடம்" என்று போனில் அவருடைய விளம்பரம் அடிக்கடி வரும். அதன் கீழே நான் தமிழிலும் தோழி சிங்களத்திலும் அங்கே எங்களுக்கு நடந்ததை எழுதுவோம். அவர் அதை அழித்துவிடுவார். எங்கள் கணக்கை எழுதமுடியாதபடி தடுத்தும் வைப்பார், நாங்கள் வேறு கணக்கில் வருவோம். வேறு பெண்கள் எழுதுவார்கள். வழக்குப் போடுவேன் என்று ஒருமுறை செய்தி அனுப்பினார். போடுங்கள், நீதிமன்றத்திலும் இதையேதான் சொல்வோம் என்று பதில் அனுப்பினேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து சத்தமில்லை. விளம்பரம் மட்டும் வருகிறது. போன வாரமும் வந்தது. போன வாரமும் எழுதினோம்.