பார்க்க வந்தவர்களின் ஆப்பிள்

பக்கவாதம் வந்த என் கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து திருநின்றவூர் வீட்டுக்குக் கூட்டி வந்த புதிதில், எங்கள் பிரிட்ஜில் தயிர்க் கிண்ணம் வைக்கக்கூட இடமில்லை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதே. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவரோடு லேத் மெஷினில் நின்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி வந்தார்கள். ஆளுக்கொரு பை. சொல்லிவைத்தாற்போல் எல்லாப் பையிலும் ஆப்பிள். கொய்யா வாங்கினால் கௌரவம் குறைந்துவிடும் போலிருக்கிறது.

அவற்றை நறுக்க அவர் விடவில்லை. இடது கையால் பிரிட்ஜைத் திறந்து பார்ப்பார், மூடுவார். இருக்கட்டும் என்பார்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கே சாப்பாட்டுக்கு யோசனை சொல்லும் பெண்ணிடம் கேட்டேன். பழத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று ஒரு சத்து இருக்கிறது, முழுப் பழமாகக் குளிரில் வைத்தால் மெல்லக் குறையும், நறுக்கி வைத்தால் சீக்கிரம் போய்விடும் என்றார். கடை ஆப்பிள் நம் கைக்கு வருவதற்கு முன்பே குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. அங்கே கிடந்தது போதாதென்று என் வீட்டிலுமா கிடக்க வேண்டும்?

அன்று சாயங்காலமே கத்தியை எடுத்தேன்.

"வெட்டாதமே. துன்னுட்டா தீந்துபூடும். இப்ப தொறந்து பாத்தா, நாலு பேரு வந்துட்டுப் போன ஊடு மாதிரி கீது."

கத்தியை வைத்துவிட்டேன். வேறென்ன செய்ய? ஸ்டேஷன் வாசல் தள்ளுவண்டியில் கொய்யா வாங்கி அன்றன்றைக்கே நறுக்கிக் கொடுத்தேன். எனக்காக இரண்டு துண்டு தின்பார்.

வருகிறவர்கள் குறைந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. அவரவருக்கு ஷிப்டு, பிள்ளை குட்டி. ஆப்பிள்களின் தோல் சுருங்கிக்கொண்டே போனது. அழுகியவற்றை அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டேன். ஒன்றே ஒன்று மிஞ்சியபோது அவர் சோற்றையும் பாதியில் தள்ளிவைக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சியை விட்டுவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். இந்த மனிதர் இப்படியே போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தூங்கும்போது கடைத்தெருவுக்கு ஓடினேன். எந்த ஆப்பிளைக் கரித்துக்கொட்டினேனோ அதையே வாங்கி வந்து பிரிட்ஜில் அடுக்கினேன். அவர் எழுந்ததும், கூட வேலை செய்த ஒருவர் வந்தார், நீங்கள் தூங்குவதைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார் என்றேன்.

திறந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"என்னை ஏன்மே எழுப்பல?"

அன்று ராத்திரி தட்டைக் காலி செய்தார். கைப்பயிற்சியும் செய்தார். ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் தூங்குவதே இல்லை. சட்டையைப் போட்டுவிடச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.