பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும் வேலை

என் தங்கை கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சட்டை தைக்கும் கம்பெனியில் அவள் காலர் தைத்தாள். தைத்து வந்ததைச் சரிபார்க்கும் மேஜை என்னுடையது. பட்டன் பிரிவில் ஒருநாள் இரண்டு பேருக்குள் குடுமிப்பிடிச் சண்டை. விலக்கப் போன சூப்பர்வைசருக்கும் ஒரு அடி விழுந்தது. இவள் போய் நடுவில் உட்கார்ந்து, "மெதுவா சொல்லுங்க, மெஷின் சத்தத்துல கேக்கல" என்றாள். மெதுவாகச் சொல்லச் சொல்லக் கோபமும் இறங்கிவிட்டது. கூடப் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தக் கூடத்தில் அப்படி இன்னொருத்தி கிடையாது.

கம்பெனி அவளை ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. வேலை இடத்தில் அடுத்தவர் மனசைப் புரிந்து நடப்பது எப்படி என்று வகுப்பாம்.

"என்னடி சொல்லிக்குடுத்தாங்க?"

"யாராவது பேசினா குறுக்கே பேசக் கூடாதாம்க்கா."

"இதுக்கு ஒரு வகுப்பா? அம்மா கரண்டியாலயே சொல்லிக்குடுத்தாளே!"

பயிற்சி முடிந்ததும் மேனேஜர் அவளை மெஷினிலிருந்து எழுப்பி ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆர்டர் குறைந்தபோதுதான் அது எதற்கு என்று தெரிந்தது. யாரை வேலையிலிருந்து நிறுத்துகிறார்களோ, அவர்களிடம் இவள்தான் சொல்ல வேண்டும். முன்பு மேனேஜர் சொன்னபோது கதவை உதைத்தார்கள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை வைத்து, அழுது முடிக்கும்வரை கேட்டாள். போகிறவர்கள் இவளுக்கே நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு அவள் கூடத்துக்குள் வந்தாலே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சாப்பிடும் இடத்தில் அவள் பக்கம் காலியானது. "தேன் தடவின கத்தி வருதுடி" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். சண்டைக்குப் போன என்னைத் தங்கைதான் இழுத்து வந்தாள். "விடுக்கா, அவ பயத்துல பேசறா."

பழைய மெஷினுக்கே போகிறேன் என்று மேனேஜரிடம் கேட்டாள். நானும் கூட நின்றேன்.

"போங்க. இனி நானே சொல்லிக்கறேன். நான் எப்படிச் சொல்வேன்னு உங்களுக்குத் தெரியும். பாவம் இல்லையா அவங்க?"

அவளுடைய இளகிய மனசையே கயிறாக்கி அவளைக் கட்டிப்போட்டார். மறுநாளும் அவள் ஆபீஸ் அறையிலேயே போய் உட்கார்ந்தாள்.

அடுத்து நிறுத்தப்பட்டவள் அவளுடைய பழைய பக்கத்து மெஷின்காரி. வருஷக்கணக்காக ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டுச் சாப்பிட்டவர்கள். ஆபீஸ் கதவை ஒட்டித்தான் என் மேஜை. கதவு பாதி திறந்திருந்தது; உள்ளே நடந்தது தெரிந்தது, பேசியது எல்லாம் கேட்டது.

"கையை எடு" என்றாள் அந்த மெஷின்காரி. "வாய் நிறையத் திட்டிட்டுப் போகணும்னு வந்தேன். நீ இப்படிப் பாத்தா திட்டு வரமாட்டேங்குது. அதையாவது எனக்கு விட்டு வைக்கக் கூடாதா?"

தங்கை கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். மற்றவள் திட்டாமலே வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் கடந்து போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன், "விட்டுடுடி. என் சம்பளத்துல கஞ்சி குடிச்சிக்கலாம்."

"நாளைக்கு ரெண்டு பேர் இருக்காங்கக்கா. ஒருத்தி மாசமா இருக்கா. அந்த மனுஷன் கையில எப்படி விடறது?"

மறுநாள் காலையில் எனக்கு முன்பே தலை வாரிக்கொண்டு வாசலில் நின்றாள்.