ஜெபிஷாவின் ஒரு கிலோ லேப்டாப்

கல்யாணத்துக்கு வராத ஆளை வந்ததாகக் காட்டுவதுதான் ஜெபிஷாவின் தொழில். துபாயில் லீவு கிடைக்காத அண்ணன், போன வருஷம் தவறிப்போன அப்பா, கோபித்துக்கொண்டு மண்டபத்துப் பக்கமே எட்டிப்பார்க்காத சித்தி என்று யாராக இருந்தாலும் பழைய படத்திலிருந்து வெட்டியெடுத்துக் குடும்பப் படத்தில் நிறுத்திவிடுவாள். வெயில் எல்லார் மேலும் ஒரே பக்கமாக விழும், காலடியில் நிழல் கூட இருக்கும். படம் எடுக்கிறபோதே அந்த ஆளுக்கு ஒரு ஆள் அகலம் இடம் விட்டு நிற்பது இந்தப் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது.

அவள் கணவன் இஸ்ரேல் சங்கரன்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கீழே ஸ்டுடியோ, மேலே வீடு. மாடியின் பின்னறையில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று, அதன் முன்னால் ஆறு வருஷமாக ஜெபிஷா. பிறந்த வீடு இருக்கிற பனவடலிசத்திரம் ஒன்றும் சீமையில் இல்லை, பஸ் ஏறினால் சட்டென்று போய்விடலாம். ஆனாலும் கல்யாணமான நாள் முதல் அங்கே ஒரு ராத்திரி தங்கியதில்லை.

"சிஸ்டம் இங்கன இருக்கு. நீ அங்கன போயி என்னட்டி செய்யப்போறே?" என்பார் மாமியார் தேவமணி.

தேவமணி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டாவது பெட்டியைத் தூக்கியிருக்கலாம். நேரம் தவறாமல் சோறும் காப்பியும் மேசைக்கே வந்தால் ஒருத்தி என்ன சொல்லி எழுந்திருப்பாள்?

அவளுக்குக் கிடைத்த ஒரே மூச்சு, அந்தக் கம்ப்யூட்டர் அடிக்கடி திணறி நின்றுபோனதுதான். பெரிய ஆல்பத்தைச் சேமிக்கச் சொன்னால் நாலு நிமிஷம் அசையாது. அந்த நாலு நிமிஷத்தில் மொட்டைமாடிக்குப் போய்த் துணி எடுப்பாள், தங்கை ஜெனிபாவுக்குப் போன் போடுவாள். அக்காளும் தங்கையும் ஆறு வருஷம் பேசியதெல்லாம் நாலு நாலு நிமிஷமாகப் பேசியதுதான்.

அப்படி ஒரு நாலு நிமிஷத்தில்தான் ஜெனிபா கல்யாணம் முடிவான சேதியைச் சொன்னாள்.

"எக்கா, ஒரு வாரம் முன்னாடியே வந்துரு. சேலை மடிப்பு நீதான் பிடிக்கணும். தாலி கட்டும்போது எந்தலையில முக்காடா கிடக்க நெட்டுத் துணிய நீதான் ஒதுக்கிப் பிடிக்கணும். வேற யாரு வந்தாலும் நான் விடமாட்டேன்."

"வாரேன்" என்றாள் ஜெபிஷா. சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தாள்.

அன்று சாயங்காலமே இஸ்ரேலிடம் லேப்டாப் கேட்டாள். அவன் மறுப்பான் என்று பதில்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அவனோ, "வாங்கிருவோம். நல்லதாவே பாரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். அப்போதே கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் யாருக்குத் தோன்றும்?

மூன்று வாரம் தேடினாள். வைத்த இடத்திலேயே இருக்கிற கனத்தோடு மல்லுக்கட்டி அலுத்திருந்ததால் முதலில் எடையைத்தான் பார்த்தாள். அடுத்தது திரை. மட்டமான திரையில் அரக்குப் பட்டு செங்கல் நிறமாகத் தெரியும், பெண்ணின் முகத்துக்கு மஞ்சள்காமாலை வந்துவிடும். கடைசியில் ஒன்று பிடித்துப்போய், இஸ்ரேலோடு திருநெல்வேலி கடைக்குப் போனாள். கடையில் இருந்த லிங்கேஷ் முதலிலேயே எச்சரித்தான்.

"அக்கா, இம்புட்டு லேசான மாடல்ல மெமரிய போர்டோட ஒட்டியே அனுப்புதாங்க. பொறவு கூட்டவும் முடியாது, மாத்தவும் முடியாது. இன்னைக்கு எது போட்டு வாங்குதீங்களோ, கடைசி வரைக்கும் அதோடதான்."

தன் கல்யாணத்தன்று யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லையே என்று ஜெபிஷா நினைத்துக்கொண்டாள். சின்னதை எடுத்தால் ஆல்பம் வேலையில் சூடாகித் திணறும் என்றும் லிங்கேஷ் சொன்னான்.

"திணறவே கூடாது. இருக்கதுலயே கூடுனதப் போடுங்க" என்றாள்.

அப்படியே வந்தது. முப்பத்திரண்டு ஜிபி மெமரி, இருக்கிறதிலேயே வேகமான புராசசர், பகல் முழுக்கத் தாங்கும் பேட்டரி. எடை ஒரு கிலோவுக்கு ஒரு எலுமிச்சம்பழம் குறைவு. நாலு நிமிஷ வேலையைப் பதினோரு விநாடியில் முடித்தது. ஜெபிஷா கைதட்டினாள். தன்னுடைய நாலு நிமிஷம் போய்விட்டது என்று அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவமணி சபைப் போதகரான ஐயரை வீட்டுக்கு அழைத்துவந்தார். புது லேப்டாப்பின் மேல் கைவைத்து ஐயர் ஜெபித்தார். "இந்தப் பிள்ளை போகிற இடமெல்லாம் இந்தக் கருவியும் கூடப் போவதாக." ஜெபிஷாதான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாள்.

ஒரு வாரம் முன்னதாகவே பனவடலிசத்திரம் போனாள். இரண்டு நாள் சொர்க்கம். ஜெனிபாவும் அவளும் ஒரே பாயில் படுத்து, பேசின கதையையே திரும்பப் பேசினார்கள். மூன்றாம் நாள் இஸ்ரேல் ஒரு ஆல்பம் அனுப்பினான், சின்ன வேலைதான். நாலாம் நாள் இரண்டு. வீட்டில் மாவிடிக்கிற சத்தமும் சிரிப்பும் கேட்க, உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ ஒரு பெண்ணின் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று காலையில் கரிவலம்வந்தநல்லூரில் இன்னொரு கல்யாணத்துக்கு இஸ்ரேல் ஒப்புக்கொண்டிருந்தான். மச்சினியின் கல்யாண வரவேற்புக்குச் சாயங்காலம் வந்துவிடுவதாக ஏற்பாடு. ஜெனிபாவுக்குச் சேலை மடிப்புப் பிடித்து முடித்து ஜெபிஷா சபைக் கோயில் வாசலில் இறங்கும்போது அவன் போன் வந்தது.

"ஜெபி, முகூர்த்தப் படம் நானூறு அனுப்புதேன். பந்தி நேரத்துல இங்க ஸ்கிரீன்ல ஓடணுமாம். வாக்கு குடுத்துட்டேன்."

"என் தங்கச்சி கல்யாணங்க. இப்பத் தாலி கட்டப்போறாங்க."

"கோயில்லயே ஓரமா வச்சுச் செய்யி. ஒரு கிலோதான? பழைய சிஸ்டம்னா நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

திணறுகிறது என்று பொய் சொல்லவும் வழியில்லை. உள்ளே என்னென்ன போட்டு வாங்கினோம் என்பது அவனுக்கு மனப்பாடம். முடியாது என்று சொல்லியிருக்கலாம்தான். ஆறு வருஷமாகச் சொல்லாத வார்த்தை கோயில் வாசலில் வந்துவிடுமா?

கோயிலை ஒட்டி ஐயர் அங்கி மாற்றுகிற அறையில், பையோடு கொண்டுவந்திருந்த லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் கீர்த்தனை பாடினார்கள். நடுவில் கரண்ட் போனது. ஜெபிஷா நெஞ்சில் கைவைத்துத் திரையைப் பார்த்தாள். அது ஒரு கண்ணிமைப்பு கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வெளியே சபை முழுக்க ஒரு நிமிஷம் அமைதியாக இருந்ததில், தாலி ஏறுகிறது என்று தெரிந்துகொண்டாள். முக்காட்டு நெட்டை ஒதுக்கிப் பிடித்தது மாப்பிள்ளையின் சித்தி மகளாம்.

கோயில் படிக்கட்டில் குடும்பப் படம் எடுக்கும்போது யாரோ கேட்டார்கள், "மூத்தவ எங்க?"

"அவ வேலையா இருக்கா. இடம் விட்டு நில்லுங்க, பொறவு அவளே அவள ஒட்டிக்கிடுவா" என்றார் அவளைப் பெற்ற சுந்தரராஜ், கொஞ்சம் பெருமையாகவே. எல்லாரும் சிரித்தார்கள். அந்த நொடியில் படம் எடுக்கப்பட்டது.

பத்து நாள் கழித்து அந்தப் படம் சங்கரன்கோவில் பின்னறைக்கு வந்தது. ஜெனிபாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் அகலம் இடம். ஒட்டுவதற்குத் தன் படம் ஒன்று வேண்டுமே என்று ஜெபிஷா தேடினாள். ஆறு வருஷத்துக் கல்யாணங்களில் எல்லார் முகமும் இருந்தது, அவள் முகம் இல்லை. கடைசியில் அன்று கட்டியிருந்த சேலையை மறுபடி கட்டி, வெயில் அதே பக்கம் விழுகிற நேரம் பார்த்து மொட்டைமாடியில் நின்றாள். ஜெனிபாவின் தோள் வரவேண்டிய உயரத்தில் வெறும் காற்றில் கையை வைத்துக்கொண்டாள். தேவமணி போனில் எடுத்தார்.

"சிரிட்டி, தங்கச்சி கல்யாணம்லா" என்றார். ஜெபிஷா சிரித்தாள்.

ஒட்டி, நிழல் போட்டு, சேமித்தாள். பதினோரு விநாடி.

இஸ்ரேல் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஸ்டுடியோவில் மாட்டியிருக்கிறான். ஆல்பம் பேச வருகிறவர்களிடம், "இதுல ஒரு ஆள் ஒட்டுனது. யாருன்னு சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்பான். போன வாரம் குருவிகுளத்திலிருந்து வந்த மருதப்பன் என்ற பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜெனிபாவின் மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பொண்ணுதாம்வே. எல்லாரும் சிரிக்காவ, இது மட்டும் சிரிக்கல பாரும்."

இஸ்ரேல் சிரித்த சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டது. மேலே பின்னறையில் அடுத்த ஆல்பம் திறந்திருந்தது.