எந்தப் பக்கத்தை வைப்பது?

எங்கள் சங்கத்தின் பிரிக்பீல்ட்ஸ் கணினியும் கிள்ளான் கணினியும் எந்நேரமும் ஒன்றோடொன்று பேசி ஒரே தோட்ட வரலாற்றுப் பதிவேட்டைக் காத்துவந்தன. பழுது பார்க்க வந்து, அரை மணியில் சேர்த்துவிடுவதாகச் சொல்லித் திங்கட்கிழமை அந்தத் தொடர்பைத் துண்டித்தவர், வியாழக்கிழமைதான் திரும்பி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. விசையைத் தட்டுமுன் ஒவ்வொரு முறையும் விரலைத் துடைத்துக்கொள்வார்.

“நாலு நாளா ரெண்டும் தனித்தனியா எழுதிருக்கு அங்கிள். ஒண்ண வச்சிட்டு இன்னொண்ண அழிச்சாத்தான் சேத்து விட முடியும்.”

“ரெண்டையும் கலந்து போட முடியாதா?”

“முடியும். ரெண்டு நாள் உக்காரணும். எனக்கு டைம் இல்ல லா. எது வேணும்?”

அந்த நான்கு நாளில் இங்கே பிரிக்பீல்ட்ஸில் பதிவானவை நான் சரிபார்த்த தேதிகள். கிள்ளானில் பதிவானவை, ஜெஞ்சாரோம் தோட்டத்து முதியவர்கள் சொல்லச் சொல்ல எங்கள் செயலாளர் அக்கா தட்டச்சு செய்த நினைவுகள். வேறு நகல் இல்லை.

“இங்க உள்ளத வைங்க” என்றேன்.

விரலைத் துடைத்தார், தட்டினார். சற்று நேரத்தில் பழுது பார்ப்பவரின் கைப்பேசிக்கு அக்கா அழைத்தார்.

“லைன் வந்துருச்சா தம்பி? நான் அடிச்சதெல்லாம் இருக்குல்ல?”

அவர் ஸ்பீக்கரைப் போட்டு, என்னைப் பார்த்தபடியே சொன்னார்: “இல்லக்கா. அங்கிள்தான் உங்கத அழிக்கச் சொன்னாரு.”

அவரைக் கொடியவர் என்று டைரியில் எழுதினேன். அவர் சொன்னதில் எது பொய் என்று மட்டும் இன்றுவரை எழுத முடியவில்லை.