புவனேஸ்வரியின் மோழைக் கிடா

ஆடு வளர்க்க வேண்டும் என்று புவனேஸ்வரி ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. நூல்மில்லில் நின்றே வருஷங்கள் ஓடி, முழங்கால் தேய்ந்து, இனி ஷிப்டு முழுக்க நிற்க முடியாது என்று ஆனபோது, உட்கார்ந்தபடி பார்க்கிற வேலை எது இருக்கிறது என்று யோசித்தாள். வடமதுரைக்குத் தெற்கே அவள் ஊரில் அப்படி ஒரு வேலையும் கிடையாது. ஆடு மேய்ப்பவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். அதை நம்பி நாலு பெட்டை ஆடு வாங்கினாள். ஆடு உட்கார விடாது என்பது வாங்கிக் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

வாங்கிய வருஷமே அவள் வீட்டுக்காரர் பெருமாள்சாமியின் வலது கண் போனது. ஒரு சாயங்காலம் குனிந்து ஆட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஈ கடித்ததோ என்னவோ, ஆடு சட்டென்று தலையைத் தூக்கியது. கொம்பு நேராகக் கண்ணில் இறங்கிவிட்டது. மதுரைக்குக் கொண்டு போனார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று தேற்றி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் சோளத்தட்டை அறுக்கப் போனாலும் தட்டை முனை முகத்துக்கு வருகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் அறுப்பார். கொட்டில் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

இனி நம் வாசலில் கொம்பு இருக்காது என்று புவனேஸ்வரி அன்றைக்கு முடிவு செய்தாள். கொம்பில்லாத ஆட்டை அந்தப் பக்கம் மோழை என்பார்கள். கொம்பாடுகளை விற்று மோழைகளாக வாங்கினாள். இணை சேர்ப்பதற்கும் மோழைக் கிடாதான். குட்டி போட்டதும் அவள் முதலில் தடவிப் பார்ப்பது மண்டையைத்தான். கொம்பு முளைக்கிற இடத்தில் மயிர் சுழித்திருந்தால் அந்தக் குட்டி அய்யலூர்ச் சந்தைக்கு என்று எழுதியாகிவிட்டது. பால்குடி மறந்ததும் வியாழக்கிழமை லோடு ஆட்டோவில் ஏறிவிடும். மண்டை வழவழவென்று இருந்தால் தங்கும்.

இப்படி வருஷாவருஷம் கழித்ததில் பட்டி முழுக்க மோழையானது. அதில் பிறந்த ஒரு கிடாக்குட்டி அகன்ற நெஞ்சும் பழுப்பு நிறமுமாக வளர்ந்து நின்றது. அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை, மோழை என்றே கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் வரும், குழந்தை போய்க் கட்டிக்கொண்டாலும் நிற்கும். ஊரில் பாதிப் பேர் தங்கள் ஆடுகளை அதனிடம் ஓட்டி வந்தார்கள். சில வருஷத்தில் ஊரின் இளங்கிடாக்கள் எல்லாம் மோழையின் பிள்ளைகள் என்று ஆயிற்று. பெருமாள்சாமியும் மெல்ல மெல்லக் கொட்டிலுக்குள் வர ஆரம்பித்தார். அதன் மொட்டை மண்டையைத் தடவியபடி நிற்பார். அந்த ஒரு காட்சிக்காகவே இவ்வளவு பாடும் படலாம் என்று அவளுக்குத் தோன்றிய நாட்களும் உண்டு.

அந்தத் தெருவிலேயே மேட்டில் குடியிருப்பவள் சுகன்யா. பெருமாள்சாமியின் சித்தப்பா மகள். புருஷன் விபத்தில் போய்விட்டான், அவளும் மில்லிலிருந்து நின்றவள்தான். அவளுக்குப் புவனேஸ்வரி ஒரு பெட்டைக்குட்டியை வாரத்துக்கு விட்டாள். வாரம் என்றால் குட்டியைக் கொடுப்பது ஒருவர், தீனி போட்டு வளர்ப்பது இன்னொருவர். அது வளர்ந்து ஈனுகிற குட்டிகளில் ஆளுக்குப் பாதி. பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது. கொடுப்பவர் நல்ல குட்டியாகக் கொடுப்பார் என்ற நம்பிக்கைதான் எல்லாம். மோழையின் மகளையே எடுத்துக் கொடுத்தாள். சுகன்யா அதற்கு அகத்தியும் வேப்பங்குழையும் தேடித் தேடிப் போட்டு வளர்த்தாள்.

பருவம் வரவேண்டிய வயது வந்தது, பருவம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஆட்டிடம் கிடாவாடை அடிக்கத் தொடங்கியது. மேல் உதட்டைச் சுருட்டிக்கொண்டு மற்ற ஆடுகள் மேல் தாவியது. வாலைத் தூக்கிப் பார்த்தால் பெட்டைதான், ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் சிறு மொட்டுப்போல ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. பால்மடி இறங்கவேயில்லை.

குழாயடியில் நாலு பேர் நிற்கும்போது சுகன்யா கேட்டுவிட்டாள்.

"தெரிஞ்சுதான குடுத்தீங்க மதினி? நல்லத நீங்க வச்சுக்கிட்டு, ரெண்டுங்கெட்டானா பாத்து என் தலையில கட்டிட்டீங்க."

புவனேஸ்வரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். கோபித்துக்கொண்டு வரவில்லை. அவள் கொட்டிலிலேயே அதே மாதிரி இன்னும் சில ஆடுகள் இருந்தன. போன வருஷம் ஒன்றிரண்டைக் கறிக்குத் தள்ளிவிட்டு, ஏதோ ஒன்று அப்படிப் பிறந்துவிட்டது என்று மனதைத் தேற்றியிருந்தாள். இப்போது பெட்டையாக நிற்கிற இளசுகளில் பாதி அப்படித்தான் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குழாயடியில் நின்ற பெண்களில் இன்னும் ரெண்டு பேர் அவளிடம் வாரக்குட்டி வாங்கியவர்கள். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்ததுதான் அவளுக்கு வீடு வரைக்கும் கனத்தது. அந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது, புவனேஸ்வரி குட்டி கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிற பேச்சு ஒன்றுதான்.

மறுநாள் தன் ஆடுகளில் ஒன்றை ஓட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் இளஞ்செழியன் சின்ன வயது, ஆனால் முகத்தில் நாலு பஞ்சாயத்து ஆடுமாடுகளையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிற களைப்பு. ஆட்டைத் திருப்பிப் பார்த்தார், மண்டையைத் தடவினார்.

"உங்க பட்டியில கொம்பு உள்ளது ஒண்ணாவது இருக்காம்மா?"

"இல்ல சார். வச்சுக்கிறதில்ல."

"கெடாவும் மோழையா?"

"ஆமா சார்."

"அதான்," என்றார்.

மருந்துச் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் சொன்னது இதுதான். எந்தக் குட்டிக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று மரபணு இரண்டிரண்டாக வருகிறது. கொம்பில்லாத குணம் ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், கொம்பு முளைக்காது. இன்னொரு பக்கத்துக் கொம்பு உள்ளே ஒளிந்து கிடக்கும். அதனால் மோழைக்கும் மோழைக்கும் நடுவே சில சமயம் கொம்புக்குட்டி பிறக்கும். ஆனால் ஆட்டில் அந்த மோழைக் குணத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கொம்பை இல்லாமல் ஆக்குகிற அதே இடத்தில் மரபணுச் சரத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. பெட்டைக்குட்டிக்குக் கருப்பையில் இருக்கும்போதே சினைப்பை உருவாக வேண்டும். அதை உருவாக்குகிற மரபணுவை எழுப்பிவிடுவது அந்தத் துண்டுதான். ஒரு பக்கத்தில் துண்டு இருந்தாலும் வேலை நடந்துவிடும். ரெண்டு பக்கமும் இல்லையென்றால் அந்த மரபணு முழுசாக இருந்தும் எழும்பாது. சினைப்பை இருக்க வேண்டிய இடம் கிடாவின் பக்கம் திரும்பிவிடும்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஸ்விட்சு போர்டு எரிஞ்சு போச்சுங்கிறீங்க," என்றாள். மில்லில் அப்படி நின்றுபோன மெஷின் முன்னால் மணிக்கணக்கில் நின்றிருக்கிறாள்.

"அப்படியே வச்சுக்கங்க."

"அப்ப தாயாடுகளுக்கு ஏன் சார் ஒண்ணும் ஆகல?"

"அதுகளுக்கு ஒரு பக்கமாவது நல்லதா இருந்துச்சு. உங்க கெடாவுக்கு ரெண்டு பக்கமும் மோழையா இருக்கும்போலம்மா. கெடாவா பொறந்ததால அது தப்பிச்சிருச்சு. அதுக்குப் பொறக்குற பெட்டைக்குத்தான் கேடு."

இதற்கு ஊசி உண்டா என்று கேட்டாள். பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன காரியம் என்றார். வழி ஒன்றுதான், கொம்புள்ள கிடாவோடு சேர்க்க வேண்டும். பிறக்கிறதில் பாதி கொம்போடு வரும், பாதி மோழையாக வரும், ஆனால் ஒன்றுகூட இப்படி ஆகாது. கொம்புக் குட்டிகளுக்குக் கொம்பை முளையிலேயே சூடு வைத்துக் கருக்கிவிடலாம். வளர்ந்த கிடாவின் கொம்பை ஒன்றும் செய்ய முடியாது.

திரும்பி வரும் வழியில் ஆடு ஒவ்வொரு வேலியிலும் வாய் வைத்தது, அவள் இழுக்கவில்லை. மனசு வேறொரு கணக்கில் கிடந்தது. கொம்புக்குட்டி என்று எத்தனையைச் சந்தைக்கு அனுப்பியிருப்பாள். பட்டியைக் காத்திருக்கக் கூடியவை அவைதான். களை என்று நினைத்துப் பயிரைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள், அதுவும் வருஷம் தவறாமல், மண்டையைத் தடவிப் பார்த்து, கவனமாக.

பெருமாள்சாமி முழுவதையும் கேட்டார். பிறகு, கொம்பு இந்த வாசலுக்கு வந்தால் நான் இங்கே இருக்க முடியாது என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. வேண்டுமானால் ஆடுகள் எல்லாவற்றையும் விற்றுவிடு என்றார். விற்றுவிட்டு மறுபடி மில்லில் போய் நிற்கவா என்று கேட்டாள். அவர் எழுந்துபோய் மோழையின் பக்கத்தில் நின்றுகொண்டார். கடைசியில், அதை விற்பதானால் தன் கண்முன்னால் பிடித்துக்கொண்டு போகக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை விடிவதற்குள் அவர் வயலுக்குப் போய்விட்டார். புவனேஸ்வரி மோழையை லோடு ஆட்டோவில் ஏற்றினாள். அதே வண்டியில் சுகன்யாவும் தன் ஆட்டோடு ஏறினாள். ஊரில் சந்தைக்குப் போக வேறு வண்டி கிடையாது. ரெண்டு பேருக்கும் நடுவே தகப்பனும் மகளுமாக ஆடுகள் நின்றன.

சந்தையில் சுகன்யாவின் ஆட்டைக் கறிக்கடைக்காரர் ஒருவர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். மோழையைச் சுற்றிக் கூட்டம் நின்றது. நத்தத்திலிருந்து வந்திருந்த பிராங்கிளின் என்பவர் அதன் பல்லைப் பார்த்தார், முதுகை அழுத்தினார், மண்டையைத் தட்டிச் சிரித்தார். மாந்தோப்பு வைத்திருக்கிறாராம். கொம்பாடுகள் கன்றுகளின் பட்டையை உரித்துவிடுகின்றன என்று மோழைகளாகப் பார்த்து வாங்கிச் சேர்த்திருக்கிறாராம். அவற்றோடு இணை சேர்க்கப் பொலிகிடா ஒன்றுதான் பாக்கி. கறி விலைக்கு மேலே நல்ல விலையாகவே தரகரிடம் சொன்னார். தரகர் புவனேஸ்வரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், முடித்துவிடு என்று.

முடித்திருக்கலாம். கேடு வெளியே தெரிய ரெண்டு வருஷமாவது ஆகும். நத்தத்திலிருந்து யார் தேடி வரப்போகிறார்கள்? கால் விண்விண் என்று தெறித்தது. மோழையும் கறிக்குப் போகாமல் தோப்பில் வாழும். கையை நீட்டி முன்பணம் வாங்க வேண்டியதுதான்.

"அண்ணே, ஒங்க பெட்டையெல்லாம் மோழைதானா?" என்று கேட்டாள்.

"அம்புட்டும் மோழைதான். ஒரு கொம்பு கெடையாது."

"அப்ப இது ஒங்களுக்கு வேணாண்ணே. பொறக்குற பெட்டையில பாதி மலடாப் போகும். கொம்புள்ள பெட்டையா இருந்தாச் சேக்கலாம், ஒண்ணும் ஆகாது."

அவர் அவளையும் கிடாவையும் மாறி மாறிப் பார்த்தார். விற்க வந்தவர் இப்படிச் சொல்லித் தான் கேட்டதில்லை என்றார். ஆட்டுக்கு ஏதோ சீக்கு இருக்கிறது, அதை மறைக்க வேறு கதை சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தரகர் வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு அவரே ஒரு கறிக்கடைக்காரரைக் கூட்டி வந்தார். கயிறு கை மாறும்போது மோழை முரண்டு பிடிக்கவில்லை. கூப்பிட்டால் வருகிற ஆடு அது, கூப்பிட்டவர் பின்னால் போனது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் பணத்தை முந்தானையில் முடிந்தாள்.

பின்னாலிருந்து சுகன்யாவின் குரல் வந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"இத எனக்குக் குட்டி குடுத்தப்பவே சொல்லியிருக்கலாம்ல."

"அன்னைக்குத் தெரியாதுடி."

சுகன்யா காலால் புழுக்கையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கதான்," என்றாள். "இப்பப் பாத்தேன்ல. கெட்டிக்காரத்தனமா வித்துட்டு வராம, இப்படியா?"

கொம்புக் கிடா ஒன்று வாங்க வேண்டும் என்று புவனேஸ்வரி சொன்னாள். எங்கே கட்டுவது என்றுதான் தெரியவில்லை என்றும் சொன்னாள்.

"எங்க வீட்ல கட்டுறேன். அண்ணன் வாசல்ல வேணாம். நீங்க ஆட்ட ஓட்டிட்டு வாங்க. ஆனா சும்மா இல்ல மதினி, பொறக்குறதுல மொத மோழைப் பெட்டைக்குட்டி எனக்கு. தீனிக்குக் குழையும் நீங்கதான் கொண்டாரணும்."

"ஒங்க வீடு மேட்டுல இருக்குடி. இந்தக் காலோட நான் எப்படி ஏறுறது?"

"செத்த நேரம் உக்காந்து உக்காந்து ஏறுங்க. யாரு வெரட்டுறா?"

சந்தை கலைகிற நேரத்தில் ஒரு இளங்கிடா அகப்பட்டது. கருப்பு, கொம்பு பின்னால் வளைந்து போயிருந்தது. சுகன்யாதான் பேசி முடித்தாள். வண்டியில் புவனேஸ்வரி மூலையில் ஒண்டி உட்கார்ந்தாள். வண்டி குழியில் விழுந்து கிடா தலையைத் தூக்கியபோது அவள் கை தானாகவே முகத்துக்குப் போனது. சுகன்யா கொம்பைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வரப்போகிற குட்டிகளில் பாதிக்குக் கொம்பு இருக்கும். முளையில் சுடுகிற வரைக்குமாவது அவை கொட்டிலில் துள்ளும். அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று வடமதுரை வரைக்கும் யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குள் கண் சொருகிவிட்டது.