தீக்கோளில் இறங்கிய கேக்

போன வாரம் பேத்தி போனில் ஒரு படம் காட்டினாள். கிரகம் முழுக்க எரிமலையாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதைவிடச் சூடான கிரகத்தை நான் ஏழு வயதிலேயே எட்டிப் பார்த்திருக்கிறேன். அதன் பெயர் தீக்கோள். கேப்டன் என் சித்தப்பா.

லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரியின் விறகு அடுப்பு அவர் பொறுப்பில் இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் தெருவே கேக் மாவை டின்னில் ஊற்றி, சுட்டு வாங்க அங்கே கொண்டுபோகும். அந்த டின்கள்தான் தீக்கோளில் இறங்கும் கப்பல்கள் என்பார் சித்தப்பா. வாசல் பக்கம் இறங்கினால் பொன்னிறமாகத் திரும்பலாம். உள்ளே, நெருப்பை ஒட்டி, எரிமலை வாய். அங்கே இறங்கிய கப்பல் கருகித்தான் வரும்.

அந்த வருஷம் திராட்சைக் காம்பெல்லாம் கிள்ளியது நான். ஒன்றைக்கூட வாயில் போடவில்லை, சத்தியமாக! யார் கேக் அழகு என்று பக்கத்து வீட்டுப் பெண்ணோடு, என் வயசுக்காரி, பந்தயம் வேறு. மற்றவர்கள் போல டின்னில் பேர் எழுத எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் டின்னின் மூலையைக் கல்லால் நசுக்கி அடையாளம் வைத்தேன். கேப்டனுக்கு நம் கப்பல் தெரிந்தால் நல்ல இடம் தருவார் என்று கணக்கு.

சாயங்காலம் போனால், பக்கத்து வீட்டு கேக் தங்கம். எங்களுடையது கரி.

டின்னைக் கீழே போட்டு உதைத்தேன். “நீயெல்லாம் ஒரு கேப்டனா? சொந்தக் கப்பலையே கொளுத்திட்டியே!”

“ஏய் சண்டைக்காரி, அங்கயும் யார்னா எறங்கணும் இல்ல?”

“அவ எறங்கட்டும்! நாங்க ஏன் எறங்கணும்?”

சித்தப்பா டின்னை எடுத்துத் துடைத்தார். “மேல சுரண்டிட்டா உள்ள நல்லாதான்டி இருக்கும்.”

“நீயே துன்னு!”

ஒக்கலிபுரத்து அத்தை வந்து கருகலைச் சுரண்டி எல்லாருக்கும் பங்கு வைத்தாள். நான் தொடவில்லை. பொங்கல் வரைக்கும் சித்தப்பாவோடு பேசவும் இல்லை. அடுத்த வருஷம் மூலையை இன்னும் பலமாக நசுக்கினேன். அப்போதும் கரி! கோபத்தில் அவர் செருப்பைச் சாக்கடையில் எறிந்தேன்.

அடுப்பு நிறைந்தால் எரிமலை வாயிலும் ஒரு டின் நின்றாக வேண்டும், நம்பிக் கொடுத்துவிட்டுப் போன ஊரார் டின்னை அங்கே தள்ள அவருக்கு மனசு வராது என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? அத்தனை டின்களுக்கு நடுவே நசுங்கிய மூலையை அவர் தேடித் தேடித்தான் எடுத்திருக்கிறார்.