சுபாஜினியின் இடது பெடல்

பதுளையில் சைக்கிள் வைத்திருப்பவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். டவுன் பள்ளத்தில் கிடக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருடம் கந்தோர் உத்தியோகம் பார்க்கும் ஐயாமார் பலர் கியர் சைக்கிள் வாங்கி, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, மேடில்லாத தெருக்களிலேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். பெற்றோல் வந்ததும் அந்த சைக்கிள்களெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் றில்வானின் ரிப்பேர் கடையில் விலைக்கு நின்றன. அதில் ஒன்றைத்தான் சுபாஜினி வாங்கினாள்.

மேலே ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் இருப்பவள் அவள். கொழுந்து பறிக்கப் போவதை விட்டுவிட்டு, கருவாடு, சவர்க்காரம், பிஸ்கட் என்று டவுனில் வாங்கி லயம் லயமாக விற்று வந்தாள். கணவன் ரமேஸ் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் தேர்தலுக்கும்தான் முகம் காட்டுவான். மகள் மேனுஷா அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தாள். வீட்டு அடுப்பு எரிந்தது அந்த சைக்கிளால்தான்.

காலையில் வெறும் பெட்டியோடு இறங்க நாற்பது நிமிடம். சாமானோடு ஏற மூன்று மணி நேரம், முழுக்கத் தள்ளிக்கொண்டு. சைக்கிளைச் செய்த மகாராசன் யாரோ, ஓட்டுகிறவரை மட்டும் நினைத்துத்தான் செய்திருக்கிறான். ஒருத்தி அதை மூன்று மணி நேரம் தள்ளுவாள் என்று அவனுக்குத் தோன்றியிருந்தால், இடது பெடலை அந்த இடத்தில் வைத்திருக்க மாட்டான். தள்ளுகிறவளின் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், ஒவ்வொரு வளைவிலும் அது இடித்தது. சுபாஜினிக்கோ சீனி வருத்தம், நீரிழிவு. இடித்த இடம் புண்ணாகி, ஆறாமல் அகலமாகிக்கொண்டே போனது.

கிளினிக்கில் டொக்டர் றிப்கா, என்ன பட்டது என்று கேட்டபோது, கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சி குத்தியது என்று சுபாஜினி சொன்னாள். மலையில் பாதிப் பெண்களுக்குக் காலில் அந்தக் கீறல் உண்டு. யாரும் இரண்டாம் கேள்வி கேட்க மாட்டார்கள். சைக்கிள் என்று சொன்னால் அதை விடச் சொல்வார்கள் என்ற பயம் அவளுக்கு. காலைவிட சைக்கிளைப் பற்றிய பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

டொக்டரும் நம்பினார். மருந்து கட்டினார், நீளக் காலுறை போடச் சொன்னார். இரண்டு மாதமாகியும் ஆறாததால், இவருக்கு மலையில் வேலை வேண்டாம், தொழிற்சாலைக்குள் இலேசான வேலை கொடுங்கள் என்று தோட்டத் துரைக்குக் கடிதமே எழுதிக் கொடுத்தார். சுபாஜினி அதைப் பத்திரமாகச் சவர்க்காரப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

அடுத்த கிளினிக்கில், கடிதத்துக்கு என்ன ஆனது என்று கேட்க, டொக்டர் அவள் முன்னாலேயே தோட்டத்து ஒபீசுக்கு போன் போட்டார். அவள் பெரட்டுக்கு, காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் போக, வந்தே மூன்று வருடமாகிறது என்று மறுமுனையில் சொன்னார்கள். டொக்டர் போனை மெதுவாக வைத்தார்.

"அப்ப உங்களக் குத்தினது எந்தத் தேயில?" என்று கேட்டார்.

சுபாஜினிக்கு வெட்கத்தில் காது சுட்டது. வாசலில் நின்ற சைக்கிளைக் கைகாட்டினாள். டொக்டர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். புண் எலும்பைத் தொட்டால் காலை எடுக்க வேண்டிவரும், சைக்கிளா காலா என்று யோசித்துக்கொண்டு பதினான்கு நாள் கழித்து வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்று சாமான் எடுக்கவில்லை. நேராக றில்வானிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வலது பக்கம் நின்று தள்ளலாமே என்றார் அவர். அந்தப் பக்கம் செயின் பாவாடையைப் பிடித்துக்கொள்ளும். அதோடு பஸ் வருகிற பக்கமும் அதுதான் என்றாள். பெடலைக் கயிற்றால் மேலே கட்டிப் பார்த்தாயா என்றார். அதையும் பார்த்துவிட்டாள். மூச்சு வாங்க நிற்கும்போது பாரத்துக்கு சைக்கிள் பின்னால் நகரும். பெடலும் கூடவே சுற்றிக் கயிறு அறுந்துபோகும். பெடலையே கழற்றிவிட்டால், நாற்பது நிமிடம் ஒரு காலைத் தொங்கப்போட்டுக்கொண்டா இறங்குவது?

அவர்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மோட்டார் சைக்கிளில் மனைவியைக் கொண்டுவந்து கடை முன்னால் இறக்கிவிட்டார். அந்த அம்மா நகர்ந்ததும், அவள் பின்னால் உட்கார்ந்து கால் வைத்திருந்த கம்பியை அந்த மனிதர் நுனிக்காலால் ஒரு தட்டுத் தட்டி மடக்கிவிட்டுப் போனார். சுபாஜினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"றில்வான் நானா, அந்தக் கம்பி ஒன்னு கெடைக்குமா?"

பழசு கிடக்கிறது, ஆனால் அது பெடல் மாதிரி சுற்றாது, மிதித்தால் கால் வழுக்கும் என்று றில்வான் தலையை ஆட்டினார்.

"நான் எங்க நானா மிதிக்கிறேன்? ஏறும்போது தள்ளுறேன். எறங்கும்போது அது தானாப் போகுது. எனக்கு மிதிக்க வேணாம், காலு வைக்க எடம் இருந்தாப் போதும்."

முப்பது வருடமாக சைக்கிளோடு கிடக்கும் மனிதர் அவளுடைய பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு உடைந்த மோட்டார் சைக்கிள் ஒன்றிலிருந்து அந்தக் கம்பியைக் கழற்றி, பழைய பெடலின் அச்சில் பற்றவைத்துக் கொடுத்தார்; தள்ளும்போது மடக்கி, இறங்கும்போது விரித்துக்கொள்ளலாம். முதல் நாள் சைக்கிள் குழியில் விழுந்த அதிர்ச்சியில் கம்பி தானாகத் திறந்து, பழைய இடத்திலேயே இடித்தது. அவள் நடுரோட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அழுதாள். மறுநாள் றில்வான் ஸ்பிரிங்கை மாற்றி, இறுக்கமான ஒன்றைப் போட்டார். அதற்குப் பிறகு அது திறக்கவில்லை.

பதினான்காம் நாள் புண்ணின் ஓரம் காய்ந்து சுருங்கத் தொடங்கியிருந்தது; அன்று கிளினிக்கில் கூட்டம், டொக்டர் கட்டை மாற்றி அனுப்பிவிட்டார். இன்னும் ஒன்றரை மாதத்தில் மூடிக்கொண்டது. டொக்டர் றிப்கா விரலால் தடவிப் பார்த்தார்.

"சைக்கிள விட்டுட்டீங்க. நல்லது," என்றார்.

தலையை ஆட்டினால் போதும்; யாரும் வாசலைப் போய்ப் பார்க்கப்போவதில்லை. சுபாஜினிக்கு அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது. தன்னை நம்பி எழுதிக் கொடுத்த மனுசி.

"விடல டொக்டர். வெளிய தான் நிக்கிது."

டொக்டர் எழுந்து வாசலுக்குப் போனார். கருவாட்டுப் பெட்டியோடு நின்ற சைக்கிளை, சுபாஜினி காட்டியபடி இடது பக்கம் நின்று மேட்டில் பத்தடி தள்ளினார். கம்பியை விரித்துவிட்டு இன்னும் பத்தடி தள்ளியதில், எலும்பில் பட்டு நின்றுவிட்டார். குனிந்து காலைத் தேய்த்துக்கொண்டார்.

"என்ட கிளினிக்ல இன்னும் நாலு பேருக்கு இதே எடத்துல புண்," என்றார். "நாலு பேரும் தேயில குத்தினதுன்னுதான் சொல்றாங்க. அந்தக் கட எங்க இருக்கு?"

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூன்றாவது கடை என்று சுபாஜினி சொன்னாள். டொக்டர் அதைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.